ஸ்வீடனில் ஏன் இத்தனை 'ஐஎஃப்கே' கால்பந்துக் கிளப்புகள்?

ஐஎஃப்கே என்றால் 'தோழர்கள் விளையாட்டுச் சங்கம்'. 1895இல் ஸ்டாக்ஹோமில் இரண்டு பள்ளி மாணவர்கள் 'கம்ராட்டன்' (தோழன்) என்ற இளைஞர் இதழில் அழைப்பு விடுத்துத் தொடங்கியது. பெயரும் அந்த இதழிலிருந்தே வந்தது. இதழ் நாடெங்கும் போக, சங்கமும் கூடவே போனது: நோர்ஷோப்பிங் நகரில் 1897, கோத்தன்பர்க் நகரில் 1904.

ஊருக்கு ஊர் 'நண்பர்கள் நற்பணி மன்றம்' இருக்குமே, அதேபோலத்தான். பலகையில் ஒரே பெயர், கணக்கும் சாவியும் அந்தந்த ஊர்க்காரர்களிடம்.

வெளிநாட்டில் பெரிதாகப் பேர் வாங்கியது கோத்தன்பர்க்: 1982, 1987 இரு முறை யூஃபா கோப்பை (ஐரோப்பியக் கிளப்புகளுக்கான போட்டி). 1982 இறுதிப் போட்டியின் இரு ஆட்டங்களில் ஜெர்மன் கிளப்பான ஹாம்பர்க்கைத் தன் சொந்த ஊரில் 1–0, ஜெர்மனியிலேயே 3–0 என்று வென்றது. அந்த அணியில் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்களும் இருந்தார்கள்!

இவையெல்லாம் ஒரே கிளப்பின் கிளைகள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, நோர்ஷோப்பிங்கும் கோத்தன்பர்க்கும் லீக் பட்டத்துக்கு மோதிக்கொண்ட தனித்தனிக் கிளப்புகள்.