மூன்று மீட்டரில் வலையில் முட்டும் பந்து 210 மீட்டர் போனதாகக் கேமரா சொல்வது எப்படி?

கேள்வி: கோல்ஃப் மட்டையையும் பந்தையும் கேமரா கொண்டு அளக்கும் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன? அவை காட்டும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்? கைப்பேசிக் கேமராவே இதற்குப் போதாதா?

நான் கோல்ஃப் ஆட்டக்காரன் அல்லன். ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில், ஓடும் பெல்ட்டில் வரும் உலோக உதிரிபாகங்களைக் கேமரா வழியாக அளந்து தரம் பிரிக்கும் வேலையில் இருப்பவன். மேல்விஷாரத்தைச் சேர்ந்த தோல் வணிகர் ஒருவர், சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும்போது மட்டும் ஆடிவந்த ஆட்டத்தை ஊரிலேயே பழகிக்கொள்வதற்காகத் தம்முடைய காலிக் கிடங்கில் வலை கட்டி, பந்து புறப்படுவதை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் என்ற கருவியில் கேமரா வகை ஒன்றையும் வாங்கிவைத்து, அதை நிறுவிச் சரிபார்த்துக் கொடுக்கும்படி என்னை அழைத்தார். அவர் கேட்டதும் ஏறத்தாழ உங்கள் கேள்வியைத்தான்: "பந்து மூணு மீட்டர்ல வலையில முட்டிக்கினு விழுந்துடுது தம்பி, இருநூத்திப் பத்து மீட்டர் போச்சுன்னு இது எப்படிச் சொல்லுது?"

பந்து போவதைக் கருவி பார்ப்பதே இல்லை. மட்டை வந்து மோதும் கணத்தையும், பந்து புறப்பட்டபின் ஏறத்தாழ முதல் முப்பது சென்டிமீட்டர் தொலைவையும் மட்டுமே அது படம் பிடிக்கிறது. மீதமுள்ள இருநூறு சொச்சம் மீட்டரும் கணக்கு. ஆகவே திரையில் தோன்றும் எண்கள் எல்லாம் ஒரே தகுதி உடையவை அல்ல. எது நேரில் கண்டது, எது அதிலிருந்து கணக்கிட்டது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு இக்கருவி மிகவும் பயன்படும். தெரியாதவருக்கு அது நல்ல விளையாட்டுப் பொருளாக மட்டுமே இருக்கும்.

முதலில் கண்டவற்றைப் பார்ப்போம். அந்த 210 மீட்டர் அடியில் பந்து விநாடிக்கு ஏறத்தாழ 65 மீட்டர், அதாவது மணிக்கு 234 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. ஒரு மில்லி விநாடியில் அது ஆறரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதன் விளிம்பு கலங்காமல் படத்தில் விழவேண்டுமானால் கேமராவின் கண் பத்து மைக்ரோ விநாடி அளவே திறந்திருக்க வேண்டும். அப்போதுகூடப் பந்து அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நகர்ந்திருக்கும். அத்தனை குறுகிய நேரத்தில் போதிய ஒளி வேண்டும் என்பதால்தான் கருவிக்குள்ளேயே வலுவான அகச்சிவப்பு விளக்குகள் வைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் அடிப்பவருடைய கவனம் சிதறாது. 1930களில் அமெரிக்காவின் எம்ஐடி என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் என்ற பொறியாளர், கணநேரம் மட்டும் ஒளிரும் ஸ்ட்ரோப் விளக்கை அடுத்தடுத்து மின்னவைத்து, கோல்ஃப் வீச்சின் பல நிலைகளை ஒரே படத்தில் பதித்தார். இன்றைய கருவிகளுக்கு அடிப்படை அதே உத்தியே.

ஒரு கேமரா மட்டும் இருந்தால், பந்து அருகில் சற்றுத் தாழ்ந்து போகிறதா, தொலைவில் சற்று உயர்ந்து போகிறதா என்பதில் குழப்பம் வரும். பந்தின் விட்டம் விதிப்படி 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பதால், படத்தில் தெரியும் அளவைக் கொண்டு தொலைவை ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் இடைவெளி விட்டுப் பொருத்திய இரண்டு கேமராக்கள் ஒரே கணத்தில் ஒரே பந்தைப் பார்த்தால், முக்கோணக் கணக்கில் அதன் இடம் முப்பரிமாணத்தில் துல்லியமாகக் கிடைத்துவிடும். அடுத்தடுத்த படங்களில் பந்தின் மையம் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதிலிருந்து வேகம், மேலேறும் கோணம், இடவலத் திசை ஆகிய மூன்றும் வருகின்றன. இவை நம்பத் தகுந்த எண்கள். என் தொழிலில் நாங்கள் செய்வதும் இதுதான். எங்கள் உதிரிபாகங்கள் இத்தனை அவசரப்படுவதில்லை என்பதுதான் வேறுபாடு.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி சுழற்சி. டிரைவர் என்னும் நெடுந்தூர மட்டையால் அடித்த பந்து நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழல்கிறது என்றால், ஒரு மில்லி விநாடியில் அது 18 பாகை திரும்பியிருக்கும். குறுந்தூரத்துக்கு உயர்த்தி அடிக்கும் வெட்ஜ் மட்டையின் அடியில் 9,000 சுற்று என்றால் 54 பாகை. பந்தின் மேல் உள்ள எழுத்தோ கோடோ குழிகளோ முதல் படத்தில் எங்கே இருந்தன, அடுத்த படத்தில் எங்கே வந்தன என்று ஒப்பிட்டுச் சுழற்சியின் அளவையும் அதன் அச்சு எந்தப் பக்கம் சாய்ந்துள்ளது என்பதையும் கருவி கண்டுபிடிக்கிறது. அச்சின் சாய்வுதான் பந்தை வலப்புறமோ இடப்புறமோ வளைக்கிறது. சில கருவிகளுக்குப் புள்ளியோ கோடோ அச்சிட்ட பந்து கட்டாயம் தேவை. வாங்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் அடையாளம் தேய்ந்த பழைய பந்தைப் போட்டால் கருவி சுழற்சியை அளக்காமல் ஊகித்துச் சொல்லவும் கூடும். எடின்பரோவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பீட்டர் கத்ரி டெய்ட், 1890களில் பந்தோடு நீண்ட நாடா ஒன்றைக் கட்டி அடிக்கச் செய்து, நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணியே சுழற்சியை அளந்தார். பின்சுழற்சி இருப்பதால்தான் பந்து வெகுதூரம் தாங்கிப் போகிறது என்பதை விளக்கிக் காட்டியவரும் அவரே. அந்த நாடா செய்த வேலையைத்தான் இன்று கேமரா செய்கிறது.

மட்டையை அளப்பது பந்தை அளப்பதைவிடக் கடினம். பந்துக்கு வடிவம் ஒன்றுதான். மட்டைத் தலையோ ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வடிவம், அதிலும் பளபளப்பான உலோகம். அதனால் மட்டை முகத்தில் சிறிய ஒளிதிருப்பி வில்லைகளை ஒட்டச் சொல்கிறார்கள். நெடுஞ்சாலைப் பலகைகள் இரவில் வண்டியின் விளக்கொளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதுபோல் இவை அகச்சிவப்பு ஒளியைக் கேமராவுக்கே அனுப்புகின்றன. ஒரே வில்லை ஒட்டினால் மட்டையின் வேகமும் வந்த பாதையும் தெரியும். முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, பந்து முகத்தில் எந்த இடத்தில் பட்டது என்பவை தெரியவேண்டுமானால் பல வில்லைகள் வேண்டும்.

இந்தப் பட்ட இடம் என்ற ஒன்றுக்காகவே கருவி வாங்கலாம் என்பது என் கருத்து. வலக்கை ஆட்டக்காரரான அந்தத் தோல் வணிகர், தம்முடைய டிரைவர் அடிகள் வலப்புறம் வளைவதற்கு வீச்சின் பாதைதான் காரணம் என்று நெடுநாளாக நம்பி, அதைத் திருத்தவே பாடுபட்டுக்கொண்டிருந்தார். படங்களைப் பார்த்தால் பாதையில் பெரிய குறை இல்லை. பந்து மட்டை முகத்தின் நடுவில் படாமல் கம்பியை ஒட்டிய குதிகால் பக்கத்திலேயே பட்டுக்கொண்டிருந்தது. அங்கே பட்டால் மோதலின்போது மட்டைத் தலை ஒரு பக்கம் திரும்ப, பந்து அதற்கு எதிர்த்திசையில் சுழற்றப்படுகிறது. அதனால் வலப்புறம் வளையும் சுழற்சி கூடுகிறது. மோதல் நீடிப்பது அரை மில்லி விநாடிதான் என்பதால், எந்தப் பயிற்சியாளரின் கண்ணும் இதைப் பிடித்திருக்காது. புறப்படும் திசையைப் பொறுத்தவரை முகத்தின் திருப்பமே பெரும்பங்கு வகிக்கிறது: டிரைவரில் சுமார் 85 சதவீதம், இடைத்தூர மட்டையான அயர்னில் சுமார் 75 சதவீதம்.

மட்டையின் வேகம் சரியாக அளக்கப்படுகிறதா என்று வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. பந்தின் வேகத்தை மட்டையின் வேகத்தால் வகுத்தால் வருவதை ஆட்டக்காரர்கள் ஸ்மாஷ் ஃபேக்டர் என்கிறார்கள். மட்டைத் தலை சுமார் 200 கிராம், பந்து அதிகபட்சம் 45.93 கிராம், மோதலில் மீளும் தன்மை விதி வரம்பை ஒட்டி 0.83 என்று வைத்துக் கணக்கிட்டால் விடை ஏறத்தாழ 1.49. ஆகவே நன்றாகப் பட்ட டிரைவர் அடி 1.45ஐ ஒட்டிக் காட்டினால் இயல்பு. அடிக்கடி 1.55, 1.6 என்று காட்டினால் மகிழ்ச்சி அடைய ஒன்றும் இல்லை. கருவி மட்டையின் வேகத்தைக் குறைத்து அளக்கிறது என்று பொருள்.

இனிக் கணக்கிட்டவை. பறக்கும் தூரம், உச்ச உயரம், தரையிறங்கும் கோணம் ஆகியவை, மேலே சொன்ன அளவுகளைக் காற்றியக்கச் சூத்திரங்களில் இட்டுப் பெறுபவை. காற்றின் தடையும் பின்சுழற்சி தரும் தூக்குவிசையும் பந்தின் வேகத்தோடும் சுழற்சியோடும் எப்படி மாறும் என்பதற்கு ஒரு மாதிரிப் பந்தை வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் பந்தின் குழிகள் வேறு விதமாக இருந்தால் தூரமும் சற்று வேறாகும். காற்றின் அடர்த்தியும் முக்கியம். பொதுவான அளவுகோல் கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸ். வேலூரில் அக்கினி நட்சத்திரத்தில் 40 பாகைக்கு மேல் போகிறது, ஊரும் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேல். அன்றைய காற்று அந்த அளவுகோலைவிட ஏறத்தாழ 10 சதவீதம் அடர்த்தி குறைந்தது. வெளியில் அதே அடி சில மீட்டர் கூடுதலாகப் போகும். வெப்பநிலையையும் உயரத்தையும் உள்ளிட மென்பொருளில் இடம் இருந்தால் ஒருமுறை சரியாக இட்டுவிடுங்கள். இட்டபின் மாற்றாதீர்கள், இல்லையென்றால் போன மாத எண்ணோடு இந்த மாத எண்ணை ஒப்பிட முடியாது. எதிர்க்காற்று, பக்கக்காற்று, தரையில் விழுந்தபின் உருளும் தூரம் ஆகியவை கிடங்கில் வெறும் அனுமானம்.

நடைமுறையில் எங்களைப் படுத்தியது சூத்திரம் அன்று, தரையும் கூரையும்தான். தோல் கட்டுகள் அடுக்குவதற்காகப் போட்ட சிமெண்ட் தரை வாட்டம் விட்டிருந்தது. கருவி எந்தப் பக்கமாவது சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வு ஏறும் கோணத்திலோ சுழற்சி அச்சிலோ அப்படியே சேர்ந்துவிடும். பல கருவிகள் சாய்வைத் தாமே உணர்ந்து திருத்திக்கொள்கின்றன, ஏனெனில் புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று அவற்றுக்குத் தெரியும். ஆனால் இலக்கு எந்தப் பக்கம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அதில் ஒரு பாகை பிசகினால் 210 மீட்டரில் மூன்றரை மீட்டருக்கு மேல் விலகல் காட்டும். நேராக அடித்தவரும் தம் வீச்சைத் திருத்தத் தொடங்கிவிடுவார். தரையில் நூல் பிடித்துக் கோடு கிழித்து, அதற்கு இணையாகக் கருவியை வைத்தோம். கூரையில் வெளிச்சத்துக்காகப் போட்ட ஒளி ஊடுருவும் தகடு வழியே முற்பகலில் வெயில், பந்தை வைத்து அடிக்கும் பாயைத் தொடும்போது சில அடிகள் பதிவாகவே இல்லை. வெயிலில் அகச்சிவப்பு நிறைய உண்டு என்பதால், கருவி தன் விளக்கொளியையும் வெயிலையும் பிரித்தறியத் தடுமாறியது. தகட்டை மூடியதும் சரியாயிற்று. எல்இடி குழல்விளக்கில் அகச்சிவப்பு மிகக் குறைவு, அதனால் தொல்லை இல்லை.

கேமராவுக்குப் பதிலாக ரேடியோ அலைகளால் அளக்கும் ராடார் வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டென்மார்க்கின் டிராக்மேன், தென்னாப்பிரிக்காவின் ஃபிளைட்ஸ்கோப் ஆகியவை ராடாரில் பெயர் பெற்றவை. அமெரிக்காவின் ஃபோர்சைட் நிறுவனம் கேமராவில் பெயர் பெற்றது, அதன் ஜிசி குவாட் கருவியில் நான்கு கேமராக்கள் உள்ளன. திறந்த மைதானத்தில் பந்தைத் தொடர்ந்து பார்ப்பதால் ராடாருக்குத் தூரம் கண்ட அளவாகவே கிடைக்கிறது. ஆனால் அதற்குப் பந்தின் பின்னால் சில மீட்டரும் முன்னால் சில மீட்டரும் இடம் வேண்டும். நம் பக்கத்துக் கிடங்கு, மொட்டைமாடிக் கொட்டகை போன்ற இடங்களுக்குக் கேமராவே பொருத்தம். வீட்டில் இடக்கை ஆட்டக்காரரும் இருந்தால், ஒவ்வொரு முறையும் பக்கம் மாற்றத் தேவையில்லாத, கூரையில் பொருத்தும் வகையைப் பாருங்கள்.

கைப்பேசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பந்து 27 சென்டிமீட்டர் போய்விடும். 9,000 சுற்று சுழலும் வெட்ஜ் பந்து அதற்குள் 225 பாகை திரும்பியிருக்கும். அது முன்னோக்கி 225 பாகை சுழன்றதா, பின்னோக்கி 135 பாகை சுழன்றதா என்று அந்த இரண்டு படங்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, பெரும்பாலான கைப்பேசிகள் படத்தை வரிவரியாகப் பதிவதால் வேகமாகப் போகும் பந்தின் உருவமே சிதைந்து விழும். உடம்பு எப்படித் திரும்புகிறது, மட்டை மேலே போகும்போது மணிக்கட்டு எப்படி மடிகிறது என்று பின்னாலிருந்து எடுத்துப் பார்ப்பதற்குக் கைப்பேசி தாராளமாகப் போதும். பந்தின் வேகத்தைத் தோராயமாகச் சொல்லும் செயலிகளும் உண்டு, ஆனால் அவை காட்டும் சுழற்சி எண்ணைப் பார்த்து மட்டையை மாற்றிவிடாதீர்கள்.