டூ-ஸ்ட்ரோக்கை விட்டு ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டிக்கு மாறினால் பராமரிப்பில் என்ன மாறும்?

கடலூரில் கடலோர மணல் தடத்தில் ஓட்டுவதாகச் சொல்கிறீர்கள். அதனால் முதல் கவனம் ஏர் ஃபில்டருக்கு. மணல் புகுந்தால் டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனும் சிலிண்டரும் தேயும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வால்வும் சேர்ந்து தேயும், செலவு கையைக் கடிக்கும். ஓட்டி முடித்ததும் ஃபோமைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஃபில்டர் ஆயிலைப் பிசைந்து ஏற்றுங்கள்.

அப்புறம் ஆயில். பெட்ரோலில் கலக்கும் வேலை இனி இல்லை. ஆனால் எஞ்சினில் இருப்பது பெரும்பாலும் சுமார் ஒரு லிட்டர்தான்; பல மாடல்களில் கியருக்கும் கிளட்சுக்கும் அதுவே. நான் 5 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவேன். எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் ஒன்று பொருத்திக்கொள்ளுங்கள்.

நேற்றுவரை ஒரே உதையில் கிளம்பிய வண்டி திடீரென அடம்பிடித்தால், கார்புரேட்டரைக் குடைவதற்கு முன் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து வால்வு இடைவெளியைப் பாருங்கள். வால்வு தேயத் தேய அந்த இடைவெளி குறையும்; ஷிம் எனும் சிறு தகட்டை மாற்றிச் சரிசெய்யலாம். சீக்கிரமே மறுபடியும் குறைந்தால் வால்வையே மாற்றிவிடுங்கள்.