ஆய்வு மருந்து எடுக்கும் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, சொல்லாமல் இருக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு 61 வயது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் வேலை பார்த்தவர். பீடிப் பழக்கம் உண்டு. கடந்த ஆண்டு நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை என்று தெரிந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில், கீமோவுடன் இம்யூனோதெரபி ஊசி போடும் ஓர் ஆய்வில் சேர்ந்திருக்கிறார். மருந்து இலவசம். கையெழுத்துப் போடும்படி அவரிடம் மன்றாடியது நான்தான். நான்கு மாதம் நன்றாக இருந்தார். இரண்டு வாரமாக வறட்டு இருமல். வீட்டுப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மழைக் குளிர் என்று நினைத்து நல்லமிளகுக் கஷாயம் கொடுத்தோம். மருந்துக் கடையில் இருமல் சிரப்பும் டெக்சாமெத்தசோன் மாத்திரையும் வாங்கிக் கொடுத்தோம். மூன்று நாள் குறைந்திருந்தது. மாத்திரை முடிந்ததும் மறுபடி வந்துவிட்டது. ஆய்வுக்காரர்களிடம் சொன்னால் பெயரை நீக்கிவிடுவார்கள், அடுத்த ஊசி வரை பேசாமல் இரு என்கிறார் சித்தப்பா. அப்பாவைச் சோதனை எலி ஆக்கிவிட்டேனோ என்று எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்ததால் நோய் பரவியதா? மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கதிர்வீச்சு மணல்தான் காரணமா? நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மருந்து இந்த நோயைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்ததே, உண்மையா?

பதில்: மற்றவற்றைப் பிறகு படியுங்கள். முதலில் அப்பா கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தை எடுங்கள். ஆய்வை நடத்தும் மருத்துவரின் தொலைபேசி எண் அதில் இருக்கும். அந்த எண்ணில் இப்போதே அழைத்து, "நான்கு மாதமாக இம்யூனோதெரபி போட்டுக்கொள்கிறார், இரண்டு வாரமாக வறட்டு இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது" என்று மட்டும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் சொல்லுங்கள். அடுத்த ஊசி நாள் வரை காத்திருக்கக் கூடாது.

இம்யூனோதெரபி மருந்து கட்டியைத் தானாகக் கொல்வதில்லை. உடம்பின் பாதுகாப்பு அணுக்களுக்கு உள்ள தடையை அது எடுத்துவிடுகிறது. அந்த அணுக்கள் போய்க் கட்டியைத் தாக்குகின்றன. தடை நீங்கிய அதே அணுக்கள் சிலருக்கு நல்ல நுரையீரலையும் தாக்கத் தொடங்கும். இதை நியூமோனைட்டிஸ் என்கிறோம். கிருமியால் வரும் நிமோனியா வேறு, இது வேறு. ஆன்டிபயாட்டிக்கால் இது அடங்காது. இந்த மருந்து எடுப்பவர்கள் நூறு பேரில் ஏறக்குறைய நான்கைந்து பேருக்கு வரக்கூடியது. காய்ச்சல் இருக்க வேண்டியதில்லை, சளி இருக்க வேண்டியதில்லை. வறட்டு இருமல், நேற்றுவரை சாதாரணமாக ஏறிய படியில் இன்று மூச்சு வாங்குவது, தொடக்கம் அவ்வளவுதான். பெரும்பாலும் சிகிச்சை ஆரம்பித்த முதல் சில மாதங்களில் வரும். அதற்குப் பிந்தியும் வரலாம். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலானவர்கள் மீண்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டால் உயிரையே எடுக்கும்.

உங்கள் அப்பாவுக்கு இதுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். கிருமித் தொற்றாக இருக்கலாம். நுரையீரல் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். நெஞ்சுக்குள் நீர் சேர்ந்திருக்கலாம், கட்டியே வளர்ந்திருக்கலாம். பிரித்தறிய சி.டி. ஸ்கேன் வேண்டும். சாதாரண எக்ஸ்ரே எடுத்து "ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் அதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது உண்டு. இந்தக் காரணங்களில் எதுவும் கஷாயம் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடியதல்ல.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறை, முற்றத்தில் சில நிமிடம் நடந்த பிறகு ஒருமுறை பாருங்கள். நடந்ததும் அளவு நான்கு புள்ளி இறங்கினால் அன்றைக்கே புறப்பட வேண்டும். சும்மா இருக்கும்போதே 92க்குக் கீழே போனாலோ, பேசும்போது மூச்சு முட்டினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ 108ஐ அழையுங்கள். அந்த நிலையில் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் வரை கொண்டுபோகப் பார்க்காதீர்கள். தக்கலை அரசு மருத்துவமனையோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியோ, எது பக்கமோ அங்கே போங்கள். ஆய்வுப் படிவத்தைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். "கீமோ எடுக்கிறார்" என்று மட்டும் சொல்லாமல் "இம்யூனோதெரபி எடுக்கிறார்" என்று அழுத்தமாகச் சொல்லுங்கள். பார்க்கும் மருத்துவரின் சிந்தனை அந்தச் சொல்லில்தான் திரும்பும்.

டெக்சாமெத்தசோன் விஷயத்தில் எனக்குக் கோபம் இருக்கிறது. உங்கள் மீதை விட, சீட்டு இல்லாமல் அதை எடுத்துக் கொடுத்த கடைக்காரர் மீது. அது ஸ்டீராய்டு. நியூமோனைட்டிஸுக்குச் சிகிச்சையும் ஸ்டீராய்டுதான். ஆனால் தொற்று இல்லை என்று உறுதி செய்து, எடைக்கேற்ற அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவோம். மூன்று நாள் கொடுத்து நிறுத்தினால் அறிகுறி கொஞ்சம் மறையும், நோய் உள்ளே நடந்துகொண்டிருக்கும். தொற்றாக இருந்தால் காய்ச்சலை மறைத்து, கிருமி பரவ வழி விட்டுவிடும். மாத்திரையில் இருமல் குறைந்தது, நிறுத்தியதும் திரும்பியது என்று நீங்கள் எழுதிய அந்த வரிதான் என் சந்தேகத்தை அதிகமாக்கியது. அந்த மாத்திரையின் அட்டையைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனை மாத்திரை, எந்தத் தேதிகளில் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இனி சித்தப்பாவின் பேச்சு. பக்கவிளைவு வந்தால் மருந்தை நிறுத்துவார்களா? லேசாக இருந்தால் கொஞ்ச காலம் தள்ளிவைத்து மறுபடி தொடங்குவது உண்டு. கடுமையாக இருந்தால் நிரந்தரமாக நிறுத்துவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் மருந்தை நிறுத்துவதும் உங்கள் அப்பாவைக் கைவிடுவதும் ஒன்றல்ல. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, ஆய்வில் இருப்பவருக்குப் பாதிப்பு ஏற்பட்டால் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். ஆய்வு மருந்தால் வந்த பாதிப்பு என்று முடிவானால் இழப்பீடும் உண்டு. கடுமையான பாதிப்பு என்றால் மருத்துவர் அதை 24 மணி நேரத்துக்குள் அரசுக்கும், ஆய்வில் சேர்ந்தவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். நீங்கள் வாய் திறக்காவிட்டால் இந்தப் பாதுகாப்பு எதுவும் உங்கள் அப்பாவை வந்து சேராது. இம்யூனோதெரபியை நிறுத்திய பிறகும் கட்டி மாதக்கணக்கில் அடங்கியே இருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

ஜப்பானில் நடந்ததை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நுரையீரல் புற்றுநோய்க்கான ஜெஃபிட்டினிப் மாத்திரைக்கு உலகிலேயே முதலில் அனுமதி கொடுத்தது அந்த நாடு, 2002 ஜூலையில். சில மாதங்களிலேயே நோயாளிகளுக்கு நுரையீரல் அழற்சி வந்தது, இறப்புகளும் ஏற்பட்டன. மருத்துவர்கள் ஒவ்வொன்றையும் தெரிவித்ததால் அக்டோபரில் அவசர எச்சரிக்கை வெளியானது. இன்றைக்கு அந்த மாத்திரையை எழுதும் எந்த மருத்துவரும் "மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்பது அந்த நோயாளிகளின் இருமல் ஏட்டில் பதிவானதால்தான். அப்பாவின் இருமலும் பதிவாக வேண்டும். அவருக்காகவும் வேண்டும், அவருக்குப் பின்னால் அதே வரிசையில் உட்காரப் போகிறவர்களுக்காகவும் வேண்டும்.

உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பயத்தை அறியாமை என்று நான் தள்ள மாட்டேன். 1999, 2000 ஆண்டுகளில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து, வாய்ப் புற்றுநோயாளிகளுக்கு ஒரு சோதனை மருந்து செலுத்தப்பட்டது. 2001இல் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பல்கலைக்கழகமே விசாரித்து, தன் ஆய்வாளர் முறையான நெறிமுறை அனுமதி பெறவில்லை என்று அறிவித்தது. புற்றுநோய் என்றால் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறும் மாவட்டம் நம்முடையது. இங்கே "ஆய்வு" என்ற சொல்லைக் கேட்டதும் மனம் சுருங்குவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் இன்றைய நிலை வேறு. 2009 ஜூன் முதல் இந்தியாவில் ஒவ்வொரு மருந்து ஆய்வையும் அரசின் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் பதிவு செய்தாக வேண்டும். அது இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய பதிவேடு. ஆய்வின் பதிவு எண்ணை மருத்துவமனையில் கேட்டு வாங்கித் தேடிப் பாருங்கள்: யார் நடத்துகிறார்கள், எந்த மருந்து, எந்த மருத்துவமனைகளில் என்று எல்லாம் இருக்கும். வீடியோ பார்க்கும் நேரத்தில் கால்பங்கு இதற்குப் போதும். நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் உங்களிடம் இருக்கும் படிவத்திலேயே இருக்கும். குறை இருந்தால் அவர்களிடமும் பேசலாம்.

ஆய்வில் சேர்ந்ததால் அப்பாவுக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சை பறிபோய்விட்டதா? புற்றுநோய் ஆய்வுகளில், பலன் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இருக்கும்போது அதைப் பறித்துவிட்டு வெறும் மாவு மாத்திரை கொடுப்பதில்லை. சேர்ந்தவர்களை இரு பிரிவாக்கி ஒப்பிடும் பல ஆய்வுகளில் வழக்கமான சிகிச்சை இரு பிரிவுக்கும் அடிப்படை. அதோடு புதியதைச் சேர்த்தால் கூடுதல் நன்மை உண்டா என்றுதான் பார்ப்பார்கள். உங்கள் அப்பாவுக்கும் கீமோ நடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இன்று நான் எழுதும் மருந்துச் சீட்டுகள் எல்லாம் இப்படிச் சேர்ந்தவர்களால் வந்தவை. பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தையும் கீமோவையும் 305 பேரிடம் ஒப்பிட்டார்கள்; பரவிய நிலையில் இருந்தவர்கள், கட்டியில் ஒரு குறிப்பிட்ட புரதம் அதிகம் உள்ளவர்கள். ஐந்தாண்டுக்குப் பிறகு உயிருடன் இருந்தவர்கள் கீமோ பிரிவில் நூற்றுக்கு 16, பெம்ப்ரோலிசுமாப் பிரிவில் நூற்றுக்கு 32. நான் படித்த காலத்தில் நான்காம் நிலை நோயாளியிடம் ஐந்தாண்டு என்ற சொல்லையே எடுக்க மாட்டோம். நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில், இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் உள்ள 350 பேரிடம், ஜெஃபிட்டினிப்பைத் தனியாகவும் கீமோவுடன் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் மறுபடி தலைதூக்காமல் இருந்த காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமானது. பக்கவிளைவும் கூடியது, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். இந்த மாற்றம் அப்பாவுக்கு உண்டா என்று திசுப் பரிசோதனையில் பார்த்திருப்பார்கள். அந்த அறிக்கையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நீங்கள் செய்தது இவ்வளவுதான்: நல்ல மருந்து கிடைக்கும் ஒரு வழியை அப்பாவுக்குக் காட்டினீர்கள். அதற்காகத் தூக்கத்தை இழக்காதீர்கள்.

மற்றவை. சதை எடுத்துப் பார்த்ததால் நோய் பரவவில்லை. நான்காம் நிலை என்றாலே பரிசோதனைக்கு முன்பே பரவியிருந்தது என்று பொருள். மணல் குறித்து: நம்மைப் போலவே இயற்கைக் கதிர்வீச்சு அதிகமுள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் ஏறக்குறைய 70,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மணல் தோண்டலாமா, கூடாதா என்பது வேறு விவாதம். குலசேகரத்தில் வாழ்ந்து பீடி குடித்தவருடைய நுரையீரலுக்கு மணவாளக்குறிச்சியில் காரணம் தேட வேண்டியதில்லை.

நாய்ப் பூச்சி மருந்தைத் தொடவே வேண்டாம். அந்த வீடியோக்களின் மூலக்கதை ஓர் அமெரிக்கருடையது. நுரையீரல் புற்றுநோய் வந்த அவர் ஃபென்பெண்டசோல் என்ற இந்தப் பூச்சி மருந்தைச் சாப்பிட்டுக் குணமானதாகச் சொன்னார். அதே காலத்தில் அவர் பெம்ப்ரோலிசுமாப் மருந்துக்கான ஆய்வில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் என்பதை வீடியோவில் விட்டுவிடுகிறார்கள். உங்கள் அப்பா எடுப்பதும் அந்த வகைச் சிகிச்சைதான். ஜப்பானில் அதே பெம்ப்ரோலிசுமாப் எடுத்துவந்த 80 வயது நோயாளி ஒருவர், சமூக ஊடகத்தைப் பார்த்து ஃபென்பெண்டசோலைச் சாப்பிட்டார். கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது, கட்டி சுருங்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கடிதம் முழுக்க உங்கள் பயம் இருக்கிறது, சித்தப்பாவின் கருத்து இருக்கிறது. அப்பா என்ன சொல்கிறார் என்று ஒரு வரி கூட இல்லை. ஆய்வில் தொடர்வதும் விலகுவதும் அவருடைய உரிமை. எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே, அவர் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நின்றுவிடாது. மருத்துவரின் முன்னால் வைத்து, நீங்களோ சித்தப்பாவோ குறுக்கே பேசாமல், அவரிடமே கேளுங்கள். ஆனால் அது ஸ்கேன் முடிந்த பிறகு. இப்போது போனை எடுங்கள்.