மிச்சிகன் வரும் தம்பிக்கு, வீடு வாங்கும் முன்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். கார் கம்பெனி வேலைக்காக ஹெச்1பி என்ற வேலை விசாவில் டெட்ராய்ட் பக்கம் வருகிறீர்கள். மனைவியும் இன்ஜினியர், வேலையை விட்டுவிட்டுக் கூடவே வருகிறார். எந்த ஊரில் வாடகைக்குப் பார்க்கலாம், குளிருக்கு என்ன வாங்கி வரலாம், வந்த வருடத்திலேயே வீடு வாங்கிவிடலாமா, "வேலை ஸ்டெடியாக இருக்கும் என்கிறார்கள், சரிதானே அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குளிர் உடுப்பை இங்கே வந்து வாங்குங்கள். நோவை, கேன்டன், ட்ராய், ஃபார்மிங்டன் ஹில்ஸ், எங்கே இருந்தாலும் தோசை மாவு கிடைக்கும். ஆபீசுக்குப் பக்கமாக இருப்பதைப் பாருங்கள், அவ்வளவுதான். வீட்டையும் அந்த "ஸ்டெடி"யையும் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

நாங்கள் 2001 கடைசியில் வந்தோம். டாட்காம் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்துகொண்டிருந்த நேரம். என் கணவரை அழைத்து வந்த கன்சல்டன்சி, வந்த வாரமே "பெஞ்ச்"சில் உட்கார வைத்தது, அதாவது ப்ராஜெக்ட் கிடைக்கும் வரை சும்மா காத்திருக்க வேண்டும், சம்பளம் கிடையாது. சட்டப்படி அப்படிச் செய்யக் கூடாது. ஆனால் புதிதாக வந்தவன் யாரிடம் போய்க் கேட்பான்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பெஞ்சில் இருந்தாலும் சம்பளம் தர வேண்டும், எழுத்தில் கேளுங்கள்.

டெட்ராய்ட்டுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊரான ஹாம்ட்ராமிக்கில் ஒரு போலந்துக்காரப் பாட்டியின் வீட்டில் மாடி போர்ஷனில் குடியிருந்தோம். பாட்டிக்கு எண்பது வயது. எனக்கு ஹெச்4, ஹெச்1பிக்காரரின் மனைவிக்குத் தரும் விசா, வேலை பார்க்க அனுமதி இல்லை. பகலில் பாட்டியோடு பேச்சு, மீதி நேரம் பொது நூலகம். பாட்டி சொன்னதை நூலகத்தில் போய்ப் படித்துச் சரிபார்ப்பேன். அமெரிக்காவை நான் கற்றுக்கொண்டது அப்படித்தான். இருபது வருடமாக இங்கே இருந்துகொண்டு, காஸ்ட்கோ கடையும் கோயிலும் தவிர எதுவும் தெரியாத நம்மவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பாட்டியின் அப்பா ஃபோர்டில் வேலை பார்த்தவர். 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு நாளுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தார். அதுவரை இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது சும்மா கிடைத்துவிடாது. கம்பெனி ஆட்கள் வீட்டுக்கே வந்து, குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று விசாரித்துப் போன பிறகுதான் முழுத் தொகை. 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியதும் ஆலைகளுக்கு ஆர்டர் குவிந்தது. அப்புறம் 1920கள். கார், ரேடியோ, சலவை இயந்திரம் எல்லாம் தவணையில். பாட்டியின் அப்பா வீடும் வாங்கினார்.

அன்றைய வீட்டுக் கடன் இன்றைய முப்பது வருடக் கடன் போல இல்லை. விலையில் ஏறக்குறைய பாதியைக் கையில் கொடுக்க வேண்டும். மீதிக்கு மூன்று, ஐந்து வருடம் வட்டி கட்டி, கெடு முடிந்ததும் அசலை மொத்தமாகக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கடனைப் புதுப்பிக்க வேண்டும். நல்ல காலத்தில் வங்கிகள் கேட்டதும் புதுப்பித்தன. அது ஒரு சடங்கு போல ஆகிவிட்டதால் யாரும் கவலைப்படவில்லை.

1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. செப்டம்பரில் 381 புள்ளியில் நின்ற டவ் ஜோன்ஸ் என்ற பங்குச்சந்தைக் குறியீடு, 1932 ஜூலையில் 41க்கு இறங்கியது. பழைய உயரத்தைத் தொட 1954 ஆயிற்று. பாட்டி வீட்டில் யாரும் பங்கு வாங்கியதே இல்லை. ஆனால் கார் வாங்க ஆள் இல்லை என்றதும் முதல் அடி டெட்ராய்ட்டில்தான் விழுந்தது. அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை, பிறகு அதுவும் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கடன் கெடு வந்தது. வங்கி புதுப்பிக்க மறுத்தது. வீடு போயிற்று. 1933இல் நாட்டில் தினமும் ஆயிரம் வீடுகள் போல இப்படிக் கைமாறின. உழைப்பவரில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை.

1932 மார்ச் 7 அன்று வேலை இழந்தவர்கள் டியர்பார்னில் ஃபோர்டின் ரூஜ் ஆலைக்கு ஊர்வலம் போனார்கள். போலீசும் கம்பெனிக் காவலரும் சுட்டதில் அன்றே நான்கு பேர் செத்தார்கள். ஐந்தாமவர் பிறகு இறந்தார். அந்த மில்லர் சாலையில் நீங்கள் நிச்சயம் கார் ஓட்டிக்கொண்டு போவீர்கள்.

அடுத்த வருடம் பிப்ரவரி 14 அன்று மிச்சிகன் ஆளுநர் காம்ஸ்டாக் மாநிலத்தின் வங்கிகளை எட்டு நாள் மூடச் சொன்னார். பாட்டிக்கு அப்போது பன்னிரண்டு வயது. வங்கி வாசலில் அம்மாவோடு நின்றதைச் சொல்லும்போதெல்லாம் குரல் மாறிவிடும். அந்தப் பீதி மாநிலம் மாநிலமாகப் பரவி, ரூஸ்வெல்ட் மார்ச் 4 அன்று அதிபராகப் பதவியேற்ற கையோடு நாடு முழுவதும் வங்கிகளை மூட வேண்டிய நிலை வந்தது. இன்று உங்கள் சேமிப்புக்கு 2,50,000 டாலர் வரை காப்பீடு இருக்கிறதே, அது அந்த அடியிலிருந்து வந்த ஏற்பாடு. 1934இல் 2,500 டாலரில் தொடங்கியது. அப்படியும் பாட்டி காபி டின்னில் பணம் வைத்திருந்தார்.

உங்களுக்கு முக்கியமானதை இப்போது சொல்கிறேன். காலம் கெட்டதும் முதலில் யாரை வெளியே தள்ளினார்கள் என்று பாருங்கள். மெக்சிகோ தொழிலாளர்களை வருந்தி அழைத்து வந்தவர்களே 1930களில் லட்சக்கணக்கில் திருப்பி அனுப்பினார்கள்; இங்கேயே பிறந்த குடிமக்களான பிள்ளைகளும் அதில் போனார்கள். டெட்ராய்ட்டிலிருந்தும் ரயில் ரயிலாக அனுப்பினார்கள். அதே போல, கல்யாணமான பெண்கள். "வீட்டுக்கு ஒரு சம்பளம் போதும்" என்று பல ஊர்களில் ஆசிரியைகளை நிறுத்தினார்கள். கணவனும் மனைவியும் மத்திய அரசில் வேலை பார்த்தால் ஒருவரை முதலில் நீக்கச் சொல்லி 1932இல் சட்டமே போட்டார்கள். பெரும்பாலும் பெண்தான் போனாள்.

பத்தே வருடத்தில் அதே பெண்கள் வேண்டியிருந்தார்கள். 1942 பிப்ரவரியோடு சொந்த உபயோகத்துக்கான கார் உற்பத்தியை நிறுத்திவிட்டு ஆலைகள் போர்த் தளவாடத்துக்குத் திரும்பின. இப்சிலாண்டி பக்கத்தில் வில்லோ ரன் ஆலையில் பி-24 குண்டுவீச்சு விமானங்களைச் செய்தார்கள். வேகம் பிடித்தபோது மணிக்கு ஒரு விமானம். மொத்தம் 8,600க்கும் மேல். பாட்டி அங்கே ரிவெட் அடித்தார். நாட்டில் பல இடங்களில் வேலைக்குப் போகும் தாய்மாருக்காக அரசே குழந்தைக் காப்பகம் நடத்தியது. 1940இல் 14 சதவீதத்துக்கு மேல் இருந்த வேலையின்மை 1944இல் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே வந்து நின்றது. சர்க்கரைக்கும் காபிக்கும் ரேஷன்தான், ஆனால் கையில் காசு புழங்கியது. 1945இல் போர் முடிந்ததும் பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், காப்பகங்களையும் மூடினார்கள். "என் கை வேலையில் ஒரு குறை சொன்னதில்லை, ஆனாலும் போகச் சொன்னார்கள்" என்று பாட்டி ஒருநாள் சொன்னபோது, என் பட்டச் சான்றிதழ் மாடியில் பெட்டிக்குள் கிடந்தது.

நம் கதையும் அதில் உண்டு. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் குடிமகன் ஆக முடியாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த பலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். 1946இல்தான் வழி திறந்தது, அப்போதும் புதிதாகக் குடியேற வருடத்துக்கு நூறு பேருக்குத்தான் இடம். 1965இல் குடியேற்றச் சட்டம் மாறியதால் நாம் வந்தோம். தமிழ்ச் சங்க விருந்துகளில் "நாம் திறமையால் வந்தோம், மற்றவர்கள் மாதிரி இல்லை" என்று பேசுகிறவர்களிடம் நான் இதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். திறமை 1923லும் இருந்தது. திந்த் முதல் உலகப்போரில் இந்த நாட்டு ராணுவத்தில் இருந்தவர்.

2009இல் மறுபடியும் பார்த்தோம். கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்சும் திவால் மனு போட்டன. மிச்சிகனில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது. சதுர அடியைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த நம் ஆட்கள் சிலர் வீட்டுச் சாவியை வங்கிக்கு அனுப்பிவிட்டு ஊருக்குப் போனார்கள். நாங்கள் அப்போதும் வாடகை வீட்டில்தான். எத்தனை பேச்சுக் கேட்டிருப்போம்! என் கணவருக்கு ஏழு மாதம் வேலை இல்லை. சேமிப்பில் சமாளித்தோம், பிள்ளைகளுக்குப் பள்ளி மாறவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

அதனால் வந்த வருடமே வீடு வேண்டாம். ஹெச்1பியில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதற்குள் அடுத்த வேலை கிடைக்க வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மனுப் போட வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். அந்த 60 நாளில் வீட்டை விற்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வருடச் செலவைக் கையில் சேருங்கள். காரைப் பழையதாக வாங்குங்கள், கடனில்லாமல். கிரீன் கார்டு மனுவை எப்போது தொடங்குவார்கள் என்று சேரும் முன்பே கேளுங்கள். உங்கள் ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு, அனுமதியாகும் வரை பொதுவாக உங்கள் மனைவிக்கு வேலை அனுமதி கிடைக்காது. எங்கள் காலத்தில் அதுவும் இல்லை, 2015இல்தான் வந்தது. உங்களுக்கு அவர்கள் சொன்ன "ஸ்டெடி"யில் உங்கள் மனைவி இல்லை என்பதை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசிவிட்டு டிக்கெட் போடுங்கள்.

அவரிடம் சொல்லுங்கள்: பட்டச் சான்றிதழ், ஒவ்வொரு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், வேலை பார்த்த இடத்தின் அனுபவக் கடிதம் எல்லாவற்றையும் அசலாகக் கொண்டு வரட்டும். பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் டிரான்ஸ்கிரிப்ட் இரண்டு செட் இப்போதே வாங்கிக்கொள்ளட்டும். இங்கிருந்து கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். வந்ததும் முதல் வேலையாக டிரைவிங் லைசென்ஸ், அவர் பெயரில். கார் ஓட்டத் தெரியாமல் இந்த ஊரில் ஒரு குளிர்காலத்தை வீட்டுக்குள் கழிப்பது என்ன என்று எனக்குத் தெரியும். விரும்பினால் என்னிடம் பேசச் சொல்லுங்கள், சனிக்கிழமை காலையில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். இதுவரை நிறையப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், பனியிலும்.