காட்டோரத்து வீடு: பிஏஎல் எண் என்ன சொல்கிறது? (கேள்வி பதில்)

சிட்னியில் காட்டை ஒட்டிய மனைகளுக்குத் தீ ஆபத்து மதிப்பீடு எழுதிக் கொடுப்பது என் வேலை. காட்டுத்தீ வந்தால் வீட்டின் மேல் எவ்வளவு வெப்பம் விழும் என்று சொல்லும் எண்தான் பிஏஎல். நம்மவர்கள் இப்போது கெல்லிவில், ஹார்ன்ஸ்பி, ப்ளூ மவுண்டன்ஸ் அடிவாரம் என்று மரங்களுக்குப் பக்கத்திலேயே வீடு தேடுகிறார்கள். பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். நீளமான கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கெல்லிவில்லிலிருந்து: அண்ணா, நாங்கள் பார்த்த வீட்டின் 10.7 சான்றிதழில் (மனையைப் பற்றிக் கவுன்சில் கொடுக்கும் திட்டச் சான்றிதழ்) "புஷ்ஃபயர் ப்ரோன் லேண்ட்" என்று இருக்கிறது. மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். விட்டுவிடலாமா?

அந்த ஒரு வரிக்காக வீட்டை விடவும் வேண்டாம், அதைப் பார்க்காதது போல வாங்கவும் வேண்டாம். காட்டுத்தீ வரைபடத்தில் உங்கள் மனை, எரியக்கூடிய காட்டுக்குள்ளோ அதைச் சுற்றிப் போட்ட பட்டைக்குள்ளோ வருகிறது என்பதுதான் அதற்குப் பொருள். பெரிய காடு என்றால் அந்தப் பட்டை 100 மீட்டர் அகலம். மனை முழுவதும் உள்ளே வருகிறதா, ஒரு பகுதிதானா என்பதையும் சான்றிதழே சொல்லும். பின்வேலியின் ஒரு மூலை மட்டும் பட்டைக்குள் இருக்கும் மனைக்கும், மரங்களுக்கு நடுவில் நிற்கும் மனைக்கும் ஒரே பெயர்தான். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் பிஏஎல் மதிப்பீடு செய்ய வேண்டும். வாங்கும் முன்பே செய்துவிடுங்கள். பின்னால் ஒரு அறை கூட்டிக் கட்ட நினைக்கும்போது இந்த எண்தான் செலவைத் தீர்மானிக்கும். உங்கள் மனைவி பயப்படுவதில் தவறே இல்லை, அறிக்கையை அவரும் படிக்கட்டும்.

பாரமட்டாவிலிருந்து: 12.5, 19, 29 என்கிறார்களே, இது சதவீதமா? 29 என்றால் எரிவதற்கு 29 சதவீத வாய்ப்பா?

இல்லை. எனக்கு அதிகம் வரும் தவறான புரிதல் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பிஏஎல் என்பது புஷ்ஃபயர் அட்டாக் லெவல். அந்த எண், தீ வந்து நிற்கும்போது உங்கள் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோவாட் வெப்பம் விழும் என்ற கணக்கு. உச்சி வெயிலில் நம் மேல் விழுவது ஏறத்தாழ 1 கிலோவாட். 12.5 என்றால் அதைப்போலப் பன்னிரண்டரை மடங்கு. அந்தச் சூட்டில் ஒரு தீப்பொறி பட்டாலே மரம் பற்றத் தொடங்கும். 29-க்குப் போனால் பெரும்பாலான மரங்கள் பொறியே இல்லாமல், வெறும் சூட்டில் தானாகப் பற்றிக்கொள்ளும்.

வகைகள் மொத்தம் ஆறு: பிஏஎல்-லோ, 12.5, 19, 29, 40, கடைசியாக எஃப்ஸெட், அதாவது ஃப்ளேம் ஸோன். அங்கே வெப்பம் மட்டும் வராது, தீ நாக்கே வீட்டைத் தொடும். ஏஎஸ் 3959 என்ற கட்டுமானத் தரத்தின் 2009 பதிப்பில் இந்த ஆறு வகை வந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 7-ஆம் தேதிதான் விக்டோரியாவில் காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. இப்போது நாங்கள் பயன்படுத்துவது 2018 பதிப்பு.

தீ வருமா வராதா என்பதைப் பற்றி இந்த எண் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, எவ்வளவு சூடு என்று மட்டும் சொல்கிறது.

டூங்காபியிலிருந்து: வணக்கம் அண்ணை. நாங்கள் மலைப்பக்கம் வாங்கின காணிக்கு 29 வந்திருக்கு. பக்கத்துக் காணிக்கு 19 எண்டு சொல்லினம். நடுவில ஒரு வேலிதான். எப்பிடி?

நல்ல கேள்வி தம்பி. பதில் உங்கள் காணியில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் நிலத்தில் இருக்கிறது.

நாங்கள் முக்கியமாகப் பார்ப்பது மூன்று: என்ன மாதிரிக் காடு, அது சுவரிலிருந்து எத்தனை மீட்டர், அந்தக் காட்டுக்கு அடியில் நிலம் எந்தப் பக்கம் சரிகிறது. காடு என்பதிலும் அடர்ந்த காடு, ஐதான மரவெளி, புதர், புல்வெளி என்று தனித்தனி வகைகள் உண்டு. இதற்கு மேல் அந்த வட்டாரத்தின் மோசமான வானிலைக்கு ஓர் எண் வைப்பார்கள். சிட்னிக்கு அது 100.

மூன்றில் மக்கள் கவனிக்காமல் விடுவது சரிவைத்தான். தீ மேல்நோக்கி ஓடும்போது அதன் சுவாலை முன்னால் இருக்கும் மரங்களைக் காய்ச்சிக்கொண்டே ஏறும். பத்து டிகிரி ஏற்றத்துக்கு வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது எங்கள் தொழிலில் பால பாடம். அதனால் காடு உங்கள் வீட்டுக்குக் கீழே, பள்ளத்தாக்கில் இருந்தால் ஆபத்து அதிகம். மேட்டில் இருந்தால் குறைவு. நம் மனசுக்கு இது நேர்மாறாகத் தோன்றும். "காடு கீழேதானே இருக்கிறது, நாம் உயரத்தில் இருக்கிறோம்" என்று நிம்மதியாக இருப்பார்கள்.

சுவரிலிருந்து 38 மீட்டரில் அடர்ந்த காடு என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அடியில் நிலம் சமமாக இருந்தால் பிஏஎல்-19. அதே காடு வீட்டை விட்டு 3 டிகிரி மட்டும் கீழே இறங்கினால் 29. அதுவே 17 டிகிரி இறங்கும் பள்ளத்தாக்கு என்றால் நேராக ஃப்ளேம் ஸோன். தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை.

3 டிகிரி என்பது கண்ணுக்கே தெரியாது. நான் சரிவுமானியோடு வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கி, மரங்களுக்கு நடுவே நின்றுதான் அளப்பேன். பின்முற்றத்தில் நின்றபடி அளந்துவிட்டு அறிக்கை எழுதுபவரை நம்பாதீர்கள். உங்கள் காணியின் பின்னால் ஓடை பக்கமாக நிலம் இறங்கும், பக்கத்துக் காணியின் பின்னால் அது சமமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அறிக்கையில் "எஃபெக்டிவ் ஸ்லோப்" (காட்டுக்கு அடியில் உள்ள சரிவு) என்ற கட்டத்தைப் பாருங்கள், அங்கே விடை இருக்கும்.

காசில் ஹில்லிலிருந்து: பின்னால் சின்னப் பூங்கா, பத்துப் பதினைந்து மரங்கள்தான். அதையும் காடு என்று எண்ணுவார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். ஒரு ஹெக்டேருக்குக் குறைவான ஒற்றைத் தோப்பு, அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் வேறு காடு இல்லையென்றால் கணக்கில் வராது. வெட்டிப் பராமரிக்கும் புல்தரை, கோல்ஃப் மைதானம் போன்றவையும் அப்படித்தான். ஆனால் அந்தப் பூங்கா ஓர் ஓடைக்கரை வழியாகப் பெரிய காட்டோடு சேர்கிறதா என்று வான்படத்தில் பாருங்கள். சேர்ந்தால் கதை வேறு.

வென்ட்வொர்த்வில்லிலிருந்து: நாங்கள் வாங்கியது 1982-இல் கட்டிய வீடு. இதற்கு பிஏஎல் உண்டா? பழைய வீட்டை என்ன செய்வது?

நிலத்துக்கு எண் கணக்கிடலாம். ஆனால் வீடு அந்த எண்ணுக்குக் கட்டப்பட்டதல்ல. தரம் புதுக் கட்டுமானத்துக்கும் கூட்டிக் கட்டுவதற்கும்தான் பொருந்தும், பழைய வீட்டை யாரும் வந்து சரிசெய்யச் சொல்ல மாட்டார்கள். நீங்களாகத்தான் செய்ய வேண்டும், தயவுசெய்து செய்யுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், தீப்பொறியிலிருந்து. பெரிய சுவாலை வந்து வீட்டை விழுங்குவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான வீடுகளை எரிப்பது காற்றில் பறந்து வரும் கங்குகள். தீ வருவதற்கு முன்பும் வரும், போன பிறகு மணிக்கணக்காகவும் வரும். 2003 ஜனவரியில் கான்பெராவின் டஃபி பகுதியில் தெருத் தெருவாக வீடுகள் எரிந்ததே, அதில் காட்டோரத்து வீடுகள் மட்டும் இல்லை. பொறி உள்ளே புகுந்த வீடு எரிந்தது, அது பக்கத்து வீட்டைக் கொளுத்தியது.

2013 அக்டோபரில் ப்ளூ மவுண்டன்ஸில் ஏறத்தாழ 200 வீடுகள் போயின. அதற்குச் சில வாரங்கள் கழித்து வின்மலியில் ஒரு தெருவில் நடந்தேன். ஒரு வீடு தப்பியிருந்தது. முன்வாசலில் தேங்காய் நார் மிதியடி கருகி, நடுவில் கையகலத்துக்கு ஓட்டை. கதவின் அடிக்கட்டை கரியாகி இருந்தது. யாரோ பார்த்து அணைத்திருக்கிறார்கள். ஒரு மிதியடிதான் அந்த வீட்டை எரிக்கப் பார்த்தது. அதை இன்னும் மறக்க முடியவில்லை.

அதனால் முதலில் கூரை ஓரத்து மழைநீர்ப் பீலியைச் சுத்தம் செய்யுங்கள் (நம் யாழ்ப்பாணத்து நண்பர்களின் சொல், கட்டர் என்பதைவிட எனக்குப் பிடித்த சொல்). காய்ந்த யூகலிப்டஸ் இலை எண்ணெய்ப் பசையோடு இருக்கும், கை நிறைய இருந்தாலே கூரைக்குள் தீ ஏற்றிவிடும். அப்புறம் துளைகள்: கூரை ஓட்டு இடுக்கு, காற்றுத்துளை, தரைக்கு அடியில் திறந்த இடம், செங்கல் சுவரின் வீப் ஹோல் (ஈரம் வடிய விட்ட துளை). 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் கம்பி வலை போடுங்கள். வலைக்கண் 2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் வீட்டுக் கடுகு நுழையத் திணற வேண்டும், அதுதான் அளவு. வலை எஃகு, அலுமினியம் அல்லது வெண்கலமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கொசுவலை சூட்டில் உருகி ஓடிவிடும், இருந்தும் இல்லாததுதான்.

சுவரை ஒட்டிப் போட்ட மரத்தூள் மல்ச், டெக்குக்கு அடியில் அடுக்கிய விறகு, பழைய அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கேஸ் சிலிண்டரின் வெளியேற்று வால்வு வீட்டைப் பார்த்திருந்தால் திருப்பி வையுங்கள். இவையெல்லாம் ஒரு சனி, ஞாயிறு வேலை.

ஹார்ன்ஸ்பியிலிருந்து: பின்னால் உள்ள மரங்களை எல்லாம் வெட்டிவிட்டால் எண் குறையுமா?

உங்கள் மனைக்குள் இருக்கும் மரம் என்றால் சில இடங்களில் வழி உண்டு. நியூ சவுத் வேல்ஸில் 10/50 விதி 2014-இல் வந்தது: வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் மரங்களையும், 50 மீட்டருக்குள் மரமல்லாத கீழ்ச்செடிகளையும் அனுமதி கேட்காமல் அகற்றலாம். ஆனால் எல்லா முகவரிக்கும் இது கிடையாது. ரூரல் ஃபயர் சர்வீஸ் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பார்த்துவிட்டு, விதியையும் முழுவதும் படித்துவிட்டுக் கத்தியை எடுங்கள். தேசியப் பூங்கா நிலத்தில் ஒரு கிளையையும் தொடக் கூடாது.

என் கருத்து, எல்லா மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை. தனித்து நிற்கும், அடிக்கிளை கழித்த மரம் பல நேரம் பொறிகளைத் தடுத்து வாங்கிக்கொள்ளும். தரையில் தொடங்கிப் புதர் வழியாகக் கிளைக்கு ஏணி போல ஏறும் தொடர்ச்சியைத்தான் உடைக்க வேண்டும்.

மெல்போர்னிலிருந்து: விக்டோரியாவிலும் இதே முறையா?

எண்கள் அதே. ஆனால் அங்கே புஷ்ஃபயர் ப்ரோன் ஏரியா என்று குறித்த இடத்தில் புது வீடு கட்டினால் குறைந்தபட்சம் 12.5 தரத்துக்குக் கட்ட வேண்டும். ஆபத்து மிகுந்த இடங்களுக்கு புஷ்ஃபயர் மேனேஜ்மென்ட் ஓவர்லே என்று இன்னொரு அடுக்கு உண்டு, அதில் திட்ட அனுமதியும் வேண்டும். டாண்டினாங் மலைப்பக்கம் பார்ப்பவர்கள் இரண்டையும் கேளுங்கள்.

இன்னொருவர்: கொடைக்கானலில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. இந்த அட்டவணையை அங்கே வைத்துப் பார்க்கலாமா?

அட்டவணை வேண்டாம். அது ஆஸ்திரேலியக் காடும் வெயிலும் காற்றும் வைத்துப் போட்ட கணக்கு. இந்திய வன ஆய்வு நிறுவனம் காட்டை ஆபத்து வாரியாக ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது, ஆனால் அது காட்டுப் பரப்புக்கு, தனி வீட்டுக்கு அல்ல. சரிவு மட்டும் எந்த நாட்டிலும் ஒன்றுதான். 2018 மார்ச்சில் குரங்கணி மலைச்சரிவில் இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி இறந்ததை நாம் மறக்கவில்லை. அப்பா வீட்டுக்குக் கீழே காய்ந்த புல்லோடு சரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பீலி, துளை, விறகு பற்றிச் சொன்னது அங்கேயும் அப்படியே பொருந்தும்.

பென்ரித்திலிருந்து: புது வீடு, பிஏஎல்-29-க்குக் கட்டியது. கிருகப்பிரவேசம் டிசம்பரில். சென்னையிலிருந்து அப்பா அம்மா வந்து மூன்று மாதம் இருப்பார்கள். தீ வந்தால் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்தானே?

இருக்கக் கூடாது தங்கச்சி. 29 தரத்துக்குக் கட்டிய வீடு தப்பிக்க வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். அது பதுங்கு குழி அல்ல. புகையில் மூச்சு முட்டும், மின்சாரம் போகும், பம்பும் நின்றுவிடும். எழுபது வயதுப் பெரியவர்களை வைத்துக்கொண்டு சோதித்துப் பார்க்கும் விஷயமில்லை இது.

வீட்டுக்கு ஓர் எண் இருப்பது போல ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அளவு உண்டு. 2022 செப்டம்பரிலிருந்து நாடு முழுக்க நான்கு படிகள்: மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கட்டாஸ்ட்ரோஃபிக். கடைசிப் படி அறிவித்தால் அன்று தீயே இல்லாவிட்டாலும் முந்தைய இரவோ அதிகாலையிலோ கிளம்பிவிடுங்கள். பாரமட்டாப் பக்கம் யாராவது சொந்தக்காரர் வீட்டில் ஒரு நாள் இருந்துவிட்டு வாருங்கள். புகையைப் பார்த்த பிறகு கிளம்பினால் சாலையில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

தீ எச்சரிக்கை தரும் "ஹஸார்ட்ஸ் நியர் மீ" செயலியை அப்பாவின் போனிலும் போட்டுக் கொடுங்கள். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில் அவர்களிடம் கார் இருக்காது, ஆங்கில எச்சரிக்கையும் முழுதாகப் புரியாமல் போகலாம். யார் வந்து அழைத்துப் போவது என்று பக்கத்து வீட்டில் ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள். மாத்திரை, பாஸ்போர்ட், கண்ணாடி மூன்றும் ஒரே பையில், வாசல் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம் ஹோமம். கிருகப்பிரவேச நாளில் டோட்டல் ஃபயர் பேன் அறிவித்திருந்தால் திறந்த வெளியில் தீ மூட்டத் தடை. பின்முற்றத்தில் குண்டம் வைக்காதீர்கள். வாத்தியாரிடம் முன்கூட்டியே சொல்லி இன்னொரு நல்ல நாளையும் குறித்து வாங்கி வையுங்கள், டிசம்பரில் அது தேவைப்படலாம்.