குமரி மாவட்டத்தில் பறவை பார்க்க மலைக்குப் போவதா, குளத்துக்குப் போவதா?

சென்னையிலிருந்து ஒருவர் ஜனவரி கடைசியில் இரண்டு நாள் நாகர்கோவில் வருகிறாராம், கையில் புது பைனாகுலராம், மலையா குளமா, அசம்பு சிரிப்பான் என்ற மலைப் பறவையைப் பார்த்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறார். ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் குளம். யோசிக்கவே வேண்டாம்.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் ரோட்டில் சுசீந்திரம் குளம் பஸ் ஜன்னலிலேயே வந்துவிடும். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் லாரி ஹாரனுக்குப் பழகிப்போய் நிற்கும். ஆனால் இறங்கி ரோட்டோரம் நின்று பார்ப்பதைவிட, உள்ளே தேரூர் பக்கம் போய்க் குளத்தங்கரையில் உட்காருவது நல்லது. தாமரை இலைக்கு நடுவே நீலத் தாழைக்கோழி இருக்கும். ஒரு தண்டைப் பிடுங்கி, ஒற்றைக் காலால் இறுக்கிப் பிடித்துத் தூக்கி, நாம் கரும்பு கடிப்பதுபோல் அடிப்பக்கத்தை மட்டும் கடித்துத் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிடும். பக்கத்திலேயே நீளவால் இலைக்கோழியும் திரியும், ஆனால் ஜனவரியில் அந்த நீள வால் இருக்காது, பழுப்பும் வெள்ளையுமாக வேறு ஏதோ பறவை மாதிரி தெரியும். விரல்களைப் பாருங்கள், அவ்வளவு நீளமான விரலை வைத்துக்கொண்டு இலைமேல் நடப்பது அதுதான்.

எந்தக் குளம் என்று எல்லோரும் கேட்கிறார்கள், தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இவை பறவைக்காக வெட்டிய குளங்கள் அல்ல, வயலுக்கான குளங்கள். 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை, கோதையாற்றுக் கால்வாய்கள், பழையாறு என்று மலையில் பெய்கிற மழைதான் சுற்றிச் சுற்றி இங்கே வந்து நிற்கிறது. கும்பப்பூ (மாசியை ஒட்டி அறுவடையாகும் பருவம்) நெல் வயலில் நிற்கும்வரை குளத்தில் தண்ணீர் ஓரளவு கிடக்கும், வாத்துக் கூட்டம் வந்தால் நட்டநடுவில் மிதக்கும், உங்கள் பைனாகுலருக்குக் கறுப்புப் புள்ளிதான். அறுவடை நெருங்கித் தண்ணீர் வற்றிக் கரையோரம் சேறு தெரிய ஆரம்பித்ததும் நாரை, அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை, சின்னச் சின்ன உள்ளான்கள் எல்லாம் ஓரத்துக்கு வந்துவிடும், மீனும் நத்தையும் அங்கேதான் மாட்டிக்கொண்டு கிடக்கும். அதனால் பயணத்தை ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமானால் பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு குளம் நிரம்பிக் கிடந்தால் அங்கேயே மல்லுக்கட்டாமல் அடுத்ததற்குப் போய்விடுங்கள். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் இரண்டுமே 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தவை, ஆனால் பறவைக்குப் பட்டியல் தெரியாது, பெயரில்லாத ஒரு சின்னக் குளத்தில் அன்றைக்குக் கூட்டம் அதிகமாக இருக்கலாம்.

முதல் நாள் சாயங்காலம் மணக்குடி. பழையாறு கடலில் சேரும் இடம், 2004 சுனாமியில் பழைய பாலம் போனது இங்கேதான். காயலில் ஆலா, நீர்க்காகம். அப்படியே புத்தளம், சாமித்தோப்பு உப்பளப் பக்கம் வந்தால், இருக்கிற நாளில் பூநாரை கிடைக்கும். உப்பளத்திலும் அதே தண்ணீர்க் கணக்குதான்: முழங்கால் ஆழப் பாத்தியில் பூநாரை, விரல்கடை ஆழத்தில் கொசு உள்ளான், நடுவே பவளக்காலி, பச்சைக்காலி. ஒன்று, அளம் என்பது ஆட்கள் பிழைக்கிற இடம். வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், வரப்பு நடுவே மட்டும் நடங்கள். "மக்கா, ஓரத்துல மிதிக்காத, இடிஞ்சிரும்" என்று ஒரு அண்ணாச்சி சத்தம் போடுவார், அவர் சொல்வது நியாயம். இடிந்த வரப்பை மறுபடி கட்டப்போவது அவர்தானே. வெயில் ஏறிவிட்டால் கானல் அலையில் எல்லா உள்ளானும் ஒரே உள்ளானாகத் தெரியும், அதற்குமேல் அங்கே நிற்பது வீண்.

இப்போது மலை. அசம்பு சிரிப்பான் கிடைக்காது, ஆசையை விட்டுவிடுங்கள். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைத் தொகுதியின் உயரமான சோலைக்காடுகளில் மட்டும் இருக்கிற பறவை அது. குமரியில் என்றால் முத்துக்குழிவயல் போல மேலே போக வேண்டும், வனத்துறை அனுமதி இல்லாமல் முடியாது, இரண்டு நாளில் அது நடக்கிற காரியம் இல்லை. அதே மலைகளில் இருக்கும் அசம்பு சோலைக்கிளிக்கு (பெயரில்தான் கிளி, உண்மையில் சின்னக் குருவி) அறிவியல் பெயர் வைத்துத் தனி இனமாக விவரித்ததே 2017இல்தான், அவ்வளவு ஒதுங்கிய காடு.

இரண்டாம் நாள் காலையில் காளிகேசம், கீரிப்பாறைப் பக்கம் போகலாம். அங்கேயும் செக்போஸ்டில் அன்றைக்கு உள்ளே விடுகிறார்களா என்று முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள், யானை இறங்கும் இடம். வழியில் ரப்பர் தோட்டத்தில் நேரத்தைப் போக்காதீர்கள், பச்சையாக இருக்கும், பறவை குறைவு. ஓடையோரம் சீகாரப் பூங்குருவி விசிலடிக்கும். தீக்காக்கை (பெயரில்தான் காக்கை, இது வேறு காட்டுப் பறவை) இருந்தாலும் சிவந்த வயிற்றை மறைத்துக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துவிடும், காய்ந்த இலையோடு இலையாகக் கிடக்கும், நீங்கள் கழுத்து வலித்துக் கீழே குனியும்போதுதான் பறக்கும். காட்டில் முக்கால்வாசி காது வேலை. குரல் பழகாதவருக்கு அரை நாளிலேயே எரிச்சல் வந்துவிடும், அதனால்தான் குளம் என்று முதலிலேயே சொன்னேன். மழை பெய்திருந்தால் அட்டையும் இருக்கும், பேண்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.