இன்சுலின் சீசாவில் துத்தநாகம் எதற்கு?

கேள்வி: என் தாயாருக்கு வாங்கும் இன்சுலின் ஊசி மருந்தின் அட்டைப் பெட்டியில், துத்தநாகமும் மெட்டாகிரெசாலும் சேர்க்கப்பட்டிருப்பதாக அச்சிட்டிருக்கிறார்கள். புரத மருந்தில் உலோகத்துக்கு என்ன வேலை?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மருந்தின் அளவு பற்றிய ஐயமென்றால் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும், இங்கே அதன் வேதியியலை மட்டும் சொல்கிறேன். இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆன சிறிய புரதம். அதில் 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஏ சங்கிலி ஒன்றும் 30 கொண்ட பி சங்கிலி ஒன்றும் உண்டு. பி சங்கிலியின் பத்தாம் இடத்தில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் இருக்கிறது. அதன் வளையத்திலுள்ள நைட்ரஜன் அணு, தன்னிடமுள்ள ஓர் இணை எலக்ட்ரான்களைத் துத்தநாக அயனியுடன் பகிர்ந்து கொள்ளும். மூன்று இன்சுலின் மூலக்கூறுகளின் மூன்று ஹிஸ்டிடின்கள், அடுப்புக்கற்கள் மூன்று ஒரு பானையைத் தாங்குவதுபோல, ஒரு துத்தநாக அயனியைச் சூழ்ந்து பிடித்துக் கொள்கின்றன. இப்படி இரண்டு அயனிகளைச் சுற்றி ஆறு மூலக்கூறுகள் ஒரே தொகுதியாகத் திரள்கின்றன. கணையத்தின் பீட்டா செல்களிலும் இன்சுலின் பெரும்பாலும் இத்தகைய தொகுதிகளாகவே, நுண்ணிய படிகங்களாகச் சேமித்து வைக்கப்படுகிறது.

இந்த உண்மை எளிதில் பிடிபடவில்லை. 1926-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான் ஜேக்கப் ஏபெல் இன்சுலினைப் படிகமாக்கிக் காட்டினார். ஆனால் அதே முறையைப் பின்பற்றிய பிறருக்குப் படிகம் சில நேரம் விழுந்தது, சில நேரம் விழவில்லை. 1934-ல் டொரான்டோவில் டி. ஏ. ஸ்காட் காரணத்தைக் கண்டறிந்தார்: கரைசலில் துத்தநாகம் இருந்தால்தான் படிகம் விழும். கோபால்ட், நிக்கல், காட்மியம் ஆகியவையும் அந்த இடத்தை நிரப்ப வல்லவை என்பது பின்னர் தெரியவந்தது. துத்தநாக இன்சுலின் படிகத்தை 1930-களின் நடுவில் முதன்முதலாக எக்ஸ் கதிரில் படம் பிடித்த பிரிட்டிஷ் வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கின், அதன் முப்பரிமாண அமைப்பை 1969-ல்தான் வெளியிட முடிந்தது. இடையில் 1964-ல் வேறு மூலக்கூறுகளின் அமைப்புகளுக்காக நோபல் பரிசே பெற்றுவிட்டார்! பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் புரதப் படிகவியலை (புரதப் படிகங்களில் எக்ஸ் கதிரைச் செலுத்தி அமைப்பை அறியும் துறையை) வளர்த்த எம். விஜயன், 1969-ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர்.

மெட்டாகிரெசாலுக்கு வருவோம். கிருமி வளராமல் தடுப்பதற்கென்று சேர்க்கப்படும் இந்தப் பொருள், ஆறு மூலக்கூறு தொகுதியின் இடுக்குகளுக்குள் புகுந்து அதன் உருவத்தையே மாற்றிவிடுகிறது. முன்பு நீண்டு கிடந்த பி சங்கிலியின் முதல் எட்டு அமினோ அமிலங்கள் சுருளாக மாறுகின்றன. முன்பு மூன்று ஹிஸ்டிடின்களோடும் மூன்று நீர் மூலக்கூறுகளோடும் எண்முகி வடிவில் பிணைந்திருந்த துத்தநாகம், நீரை விட்டுவிட்டு ஒரு குளோரைடு அயனியைப் பிடித்து நான்முகி வடிவுக்கு வருகிறது. இவ்வாறு இறுகிய தொகுதி சீசாவில் நீண்ட நாள் கெடாமல் இருக்கிறது. தனித்தனி மூலக்கூறுகளாக விட்டால் அவை எளிதில் நார்நாராகத் திரண்டு வீணாகிவிடும். ஊசி போட்ட பிறகு தோலுக்கடியில் மருந்து நீர்த்துப்போக, மெட்டாகிரெசால் விலக, தொகுதி பிரிகிறது. தனி மூலக்கூறுதான் செல்லின் ஏற்பியில் (இன்சுலினைப் பற்றிக்கொள்ளும் செல்லின் புரதத்தில்) பொருந்தும் என்பதால், இந்தப் பிரிவுக்கு ஆகும் நேரமே மருந்து வேலை தொடங்கும் நேரத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

கேள்வி: புரதப் படிக அமைப்புகளின் பட்டியல்களில் காட்மியம், நிக்கல் போன்ற உலோகங்களைக் காண்கிறேன். அவை உடலிலும் அதே இடத்தில்தான் இருக்கின்றனவா?
– ஒரு முதுகலை மாணவர், நாகர்கோவில்

பதில்: எல்லா இடத்திலும் இல்லை. படிகத்தில் ஓர் உலோகம் தென்பட்டதும் அது புரதத்தின் சொந்தச் சொத்து என்று முடிவு கட்டுவது, என் பார்வையில், இத்துறையில் மிக எளிதாகச் செய்யக்கூடிய பிழை. இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டினைப் பாருங்கள். குதிரையின் மண்ணீரலிலிருந்து எடுத்த ஃபெரிட்டினைக் காட்மியம் சல்பேட் சேர்த்துப் படிகமாக்குவது பழைய வழக்கம். அங்கே காட்மியம் ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் இடையே பாலமாக அமர்கிறது. நஞ்சான அந்த உலோகத்துக்குக் குதிரையின் ஃபெரிட்டினில் எந்தப் பணியும் இல்லை. மனித ஃபெரிட்டினின் எச் வகையில் அத்தகைய பாலம் அமையவில்லை. ஆகவே 1991-ல் ஆய்வாளர்கள் அதன் 86-ஆம் இடத்திலிருந்த லைசினை குளுட்டமினாக மாற்றி, பாலத்துக்கு இடம் செய்து கொடுத்துப் படிகத்தைப் பெற்றார்கள்.

இன்சுலினின் துத்தநாகம் அப்படிப்பட்ட விருந்தாளி அன்று. பீட்டா செல்களிலேயே துத்தநாகம் செறிந்திருப்பது ஒரு சான்று. கினிப் பன்றியின் இன்சுலினில் பத்தாம் இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் அஸ்பராஜின் இருப்பதும், அது துத்தநாகத்தைப் பிடித்து ஆறாகத் திரளாமல் இருப்பதும் இன்னொரு சான்று. படிகத்தில் தெரியும் அணு துத்தநாகம்தானா என்பதையே சோதிக்க வேண்டுமென்றால், துத்தநாகத்தின் உட்கவர் விளிம்பான (எக்ஸ் கதிரை அது உறிஞ்சும் அளவு திடீரென மாறும் அலைநீளமான) ஏறத்தாழ 1.28 ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்று இப்புறமும் அப்புறமுமாக இரண்டு அலைநீளங்களில் எக்ஸ் கதிர் தரவுகளை எடுத்து ஒப்பிடலாம். குறுகிய அலைநீளத்தில் அந்த இடத்தில் எழும் முரணியல் சிதறல் முகடு (உறிஞ்சலோடு சேர்ந்து சிதறலில் தோன்றும் அந்த உலோகத்தின் அடையாளம்), நீண்ட அலைநீளத்தில் ஏறக்குறைய மறைந்துவிடும்.

கேள்வி: துத்தநாகம் அமரும் இடத்தில் கால்சியமும் அமருமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பெரும்பாலும் அமராது. துத்தநாகம் ஹிஸ்டிடினின் நைட்ரஜனையும் சிஸ்டீனின் கந்தகத்தையும் விரும்பும். கால்சியமோ அஸ்பார்டேட், குளுட்டமேட் ஆகியவற்றின் ஆக்சிஜன்களையே நாடும். அளவில் பெரியது என்பதால் ஆறு முதல் எட்டு அணுக்கள் வரை சூழ இடமும் கேட்கும். தெர்மோலைசின் என்ற நொதியில் இரண்டும் அருகருகே வேலை செய்கின்றன: புரதங்களை வெட்டும் வினைக்கு ஒரு துத்தநாகம், வெப்பத்தில் குலையாமல் தாங்குவதற்கு நான்கு கால்சியங்கள்.